கருப்பைக்குக் காவல் யார்?

தமிழ்க் கதைகளில் 35 வயதைத் தாண்டிய பெண்ணுக்கு ஒரே ஒரு வேலைதான் ஒதுக்கப்பட்டிருக்கிறது. அவள் அம்மாவாக இருக்க வேண்டும். பெற்ற பிள்ளைக்கு அம்மா. பிள்ளை இல்லாவிட்டால் அண்ணன் பிள்ளைக்கு அம்மா. அதுவும் இல்லாவிட்டால் ஊருக்கே அம்மா. அந்த வயதில் அவளுக்கு ஓர் ஆண்மீது ஆசை வந்துவிட்டால் போதும், எழுதுகிறவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிடும். அவளைக் காசிக்கு அனுப்புவார். குடிக்க வைப்பார். இல்லையென்றால் அவள் விரும்பியவனைச் சாகடிப்பார். காதல் என்பது கல்யாணத்துக்கு முந்தி வருகிற காய்ச்சல், தாய்மை என்பது அதற்கு மருந்து என்கிற மாதிரியே நம் கதைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"இதெல்லாம் குடும்பப் பத்திரிகை சமாச்சாரம் தோழர். பஞ்சமி நிலம் இருக்குது, இரட்டைக் குவளை இருக்குது, மலக்குழிச் சாவு இருக்குது. இதுல ஆன்ட்டிங்க காதலைப் பத்திப் பேசணுமா?" என்று ஒரு மாணவத் தோழர் கேட்டார். பேசத்தான் வேண்டும். ஏனென்றால் சாதி நிலத்தில் மட்டும் இல்லை, கருப்பையிலும் இருக்கிறது. நிலத்துக்கு வேலி போட்டவன்தான் கருப்பைக்கும் வேலி போட்டான். ஒரு வேலியைப் பிடுங்கிவிட்டு இன்னொன்றை விட்டுவைத்தால், பிடுங்கியதும் மறுபடி முளைக்கும்.

இதை நமக்கு முதலில் சொன்னவர் அண்ணல் அம்பேத்கர். 1916 மே மாதம் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் மானுடவியல் கருத்தரங்கில் 'இந்தியாவில் சாதிகள்' என்ற கட்டுரையை அவர் வாசித்தபோது அவருக்கு வயது 25. சாதியின் உயிர்நாடி அகமணம் என்றார் அதில். அதோடு நிற்கவில்லை. சாதிக்குள்ளேயே கட்டிக்கொள்ள வேண்டுமென்றால் ஆண் எண்ணிக்கையும் பெண் எண்ணிக்கையும் சமமாக இருக்க வேண்டும். கணவன் செத்தால் ஒரு பெண் உபரியாகிறாள். அவளை என்ன செய்வது? அவள் சாதிக்கு வெளியே ஒருவனை விரும்பிவிட்டால் வேலி உடைந்துவிடும். சாதிக்குள்ளேயே இன்னொருவனை எடுத்துக்கொண்டால் கன்னிப்பெண்ணுக்குரிய மாப்பிள்ளை குறைந்துவிடும். அதனால்தான் ஒன்று அவளை எரித்தார்கள், இல்லை மொட்டையடித்து மூலையில் உட்கார வைத்தார்கள். மனைவி செத்த ஆணுக்கோ அடுத்த தலைமுறையிலிருந்து ஒரு சிறுமியைப் பிடித்துக் கட்டிவைத்தார்கள். உடன்கட்டை, கட்டாய விதவைக்கோலம், குழந்தை மணம் மூன்றும் தனித்தனிக் கொடுமைகள் அல்ல, சாதி என்ற ஒரே எந்திரத்தின் மூன்று பற்சக்கரங்கள் என்பதுதான் அந்தக் கட்டுரையின் சாரம்.

இந்த இடத்தில் நின்று நம் கதைகளைப் பாருங்கள். சாதிக்கு உண்மையான பயம், யாருக்கும் ஒதுக்கப்படாத பெண்ணின் காதல்மீதுதான். விதவை, வாழாவெட்டி, முதிர்கன்னி, கல்யாணமாகியும் புருஷனிடத்தில் மனசு நிற்காதவள், இவர்கள் எல்லாருமே கணக்கில் வராத உபரிகள். 20 வயதுப் பெண்ணின் காதலுக்கு அரிவாளை எடுக்கிறார்கள். 40 வயதுப் பெண்ணின் காதலுக்கு அரிவாள் தேவைப்படுவதில்லை. "நீ ஒரு அம்மா இல்லையா?" என்று கேட்டால் போதும், அவளே அடங்கிவிடுவாள்.

தமிழில் இந்தப் பயத்தை நேருக்கு நேர் தொட்ட எழுத்துகள் உண்டு. அதை மறைத்துவிட்டுப் பேசுவது நேர்மையாகாது. 1950களில் சுதேசமித்திரனில் தொடராக வந்த 'மோகமுள்'ளில் தி. ஜானகிராமன், தன்னைவிடப் பத்து வயது மூத்த யமுனாவைப் பாபு காதலிப்பதை எழுதினார். 1966-ல் வந்த 'அம்மா வந்தாள்' இன்னும் துணிச்சல். பெரிய பிள்ளைகளைப் பெற்ற அலங்காரத்துக்கு வீட்டுக்கே வந்துபோகும் காதலன் ஒருவன் இருக்கிறான். ஜெயகாந்தனின் 'சில நேரங்களில் சில மனிதர்கள்' நாவலில் உத்தியோகம் பார்க்கும் கங்கா, முன்பு தன்னைக் கெடுத்தவனையே தேடிப் பிடித்துப் பழகுகிறாள், அவன் மகள்மீது அக்கறை கொள்கிறாள். அதற்கு 1972-ல் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. அனுராதா ரமணனின் 'சிறை' 1984-ல் படமாக வந்தபோது, தாலி கட்டிய அர்ச்சகனைத் தூக்கி எறிந்துவிட்டு அந்தோணியின் விதவையாக வாழ்வேன் என்று பாகீரதி நின்றாள். தியேட்டரில் பெண்கள் அழுதார்கள்.

ஆனால் இந்த நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். அலங்காரம் எப்படிக் கணக்குத் தீர்க்கிறாள்? ஒரு மகனை வேதபாடசாலைக்கு நேர்ந்துவிடுகிறாள். அவன் வேதவித்தாகத் திரும்பி வந்தால் தன் பாவம் கழுவப்படும் என்று நம்புகிறாள். அவன் இந்துவிடமே தங்கிவிட்டதும் காசிக்குக் கிளம்புகிறாள். அதாவது, மீறியது பார்ப்பனக் குடும்பத்து ஒழுக்கத்தை. கழுவ வேண்டிய சோப்பும் அதே கடையில்தான் வாங்க வேண்டும்! கங்கா கடைசியில் பாட்டிலோடு தனியாக விடப்படுகிறாள். பாகீரதியின் காதல் வன்புணர்ச்சியில் தொடங்க வேண்டியிருக்கிறது, அந்தோணி செத்த பிறகுதான் அது புனிதமாகிறது. உயிரோடு இருக்கும் கிறிஸ்தவன் கணவனாக முடியாது, செத்துப்போனவனுக்கு விதவையாகலாம். யமுனாவுக்கு ஏன் கல்யாணம் ஆகவில்லை? அவள் அம்மா மராத்தி, அப்பா ஐயருக்கு இரண்டாந்தாரம். வந்த வரனெல்லாம் திரும்பிப் போனது அம்மாவின் பிறப்பைக் கேட்டுத்தான். முள் என்பது மோகம் மட்டும் அல்ல. சாதிதான் அந்தப் பெண்ணை இத்தனை வருஷம் காக்க வைத்த முள். ஆனால் வாசித்துப் புகழ்ந்தவர்களில் எத்தனை பேர் அதைப் பேசினார்கள்? உளவியல் பேசினார்கள், சங்கீதம் பேசினார்கள், காவிரி பேசினார்கள்.

இந்தக் கதைகள் எல்லாம் அக்ரகாரத்தையும் அதன் கொல்லைப்புறத்தையும் சுற்றியே நடக்கின்றன. சாதி அங்கே காற்று மாதிரி இருக்கிறது, பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டிய அவசியமே அவர்களுக்கு வரவில்லை. முதிர்ந்த காதல், தாய்மை, சாதி மூன்றையும் ஒரே பெண்ணின் வயிற்றில் வைத்து எழுதிய ஒரு கதையைப் படிக்க நான் அஸ்ஸாம் வரை போக வேண்டியிருந்தது.

மாமோனி ரய்சம் கோஸ்வாமி என்று அஸ்ஸாமிய வாசகர்கள் அழைக்கும் இந்திரா கோஸ்வாமியின் 'சம்ஸ்கார்' என்ற சிறுகதை அது. (அனந்தமூர்த்தியின் கன்னட நாவலோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) தமயந்தி ஒரு பார்ப்பன விதவை. பிள்ளைகளை வைத்துக்கொண்டு பிழைக்க வழியில்லாமல் உடலை விற்கிறாள். பீதாம்பரர் கீழே வைக்கப்பட்ட சாதியில் பிறந்த வயதான பணக்காரர். மனைவி படுத்த படுக்கை, வாரிசு இல்லை. ஒரு புரோகிதன் இருவருக்கும் நடுவில் தரகு வேலை பார்க்கிறான், அதற்குக் காசும் வாங்கிக்கொள்கிறான். பீதாம்பரர் அவளிடம் போய்வருகிறார். அவள் கர்ப்பமாகிறாள். கிழவருக்கு உலகமே மாறிவிடுகிறது. ஆனால் தமயந்தி கருவைக் கலைத்துவிடுகிறாள். காரணம் வறுமை அல்ல, அவமானம் அல்ல. கீழ்ச்சாதிக்காரனின் வித்தைத் தன் வயிற்றில் சுமக்க மாட்டாளாம்! உடலை வாடகைக்கு விடலாம், கருப்பையை விடக்கூடாது. கதை முடிவில் அந்த மனிதர் இருட்டில் மண்ணைத் தோண்டுகிறார், தன் சதையின் ஒரு துண்டையாவது தொட்டுப் பார்க்க.

முதல் தடவை படித்தபோது எனக்குத் தமயந்திமீதுதான் ஆத்திரம் வந்தது. இரண்டாம் தடவை படித்தபோது வேறொன்று தெரிந்தது. அவள் பசியில் இருக்கிறாள். அவளை விதவையாக மூலையில் தள்ளிய அதே சாதி, ஒரு பிடி சோறு போடாத அதே சாதி, அவள் வயிற்றுக்குள் மட்டும் காவலாளியை உட்கார வைத்திருக்கிறது. சம்பளமில்லாத காவலாளி. வெளியே எந்தப் பஞ்சாயத்தும் வரத் தேவையில்லை, அவளே தண்டனையை நிறைவேற்றிவிடுகிறாள். 1916-ல் அம்பேத்கர் எழுதிய உபரிப் பெண்ணை இங்கே ரத்தமும் சதையுமாகப் பார்க்கலாம். பீதாம்பரரையும் தியாகி ஆக்கத் தேவையில்லை. அவருக்கும் தமயந்தி ஒரு நிலம்தான். விதைத்தேன், விளைச்சல் என்னுடையது என்கிற கணக்குத்தான். ஆசை என்று ஒன்று இருந்ததா, வாரிசு வெறி மட்டும்தானா என்பதை அந்தக் கதை நம்மிடமே விட்டுவிடுகிறது. கீழே தள்ளப்பட்டவன் ஆணாக இருக்கும்போது அவனுக்கும் ஒரு கருப்பை தேவைப்படுகிறது, அதன் சொந்தக்காரி தேவைப்படுவதில்லை. நம் தோழர்கள் இந்த வரியை இன்னொரு தடவை படிக்கவும்.

கோஸ்வாமி இதை எங்கிருந்து எழுதினார் என்பதும் முக்கியம். அவர் காதலித்து மணந்த மாதவன் ரய்சம் அய்யங்கார் கல்யாணமாகி 18 மாதத்தில் காஷ்மீரில் விபத்தில் இறந்துபோனார். 20களிலேயே விதவையான அந்தப் பெண் பிருந்தாவனத்துக்குப் போய், அங்கே பஜனை பாடிக் காலணா வாங்கிச் சாகக் காத்திருக்கும் விதவைகளை நேரில் பார்த்து 1976-ல் 'நீலகண்டி பிரஜ' நாவலை எழுதினார். வைணவச் சத்திர மடத்துக்குள்ளே அழுகிப்போகும் பார்ப்பன விதவைகளைப் பற்றி 1988-ல் இன்னொரு நாவல். அது 1996-ல் 'அடாஜ்ய' என்று படமானது. மேல்சாதியில் பிறந்தவர், தன் சாதியின் அடுக்களையைத் திறந்துகாட்டியவர். 2011-ல் இறந்தார். அவரை நம்மவர் என்று சொல்ல வரவில்லை. ஆனால் சாட்சி சொன்னவர். எதிர்த்தரப்பிலிருந்து வந்த சாட்சிக்கு வழக்கில் மதிப்பு அதிகம்.

இப்போது தியாகராய நகருக்குத் திரும்புவோம். நான் கண்ணம்மாபேட்டையில் வளர்ந்தவள். நீதிக்கட்சித் தலைவர் பெயரில் 1920களில் உருவான பகுதி இது. பாண்டி பஜாருக்குச் சௌந்தரபாண்டியனார் பெயர். பெயர்ப் பலகையைப் பார்த்தால் பார்ப்பனரல்லாதார் வரலாறு முழுக்க இங்கேதான் நடமாடுகிறது. பலகைக்குக் கீழே நடந்துபோகிறவர்கள் யார்? காலையில் ஆறு மணிக்கு வீட்டு வேலைக்கு வரும் பெண்கள். முன்பெல்லாம் பக்கத்துக் குடிசைகளிலிருந்து நடந்து வந்தார்கள். 2000க்குப் பிறகு ஊரைவிட்டுத் துரத்திக் கண்ணகி நகரிலும் செம்மஞ்சேரியிலும் பெரும்பாக்கத்திலும் கொண்டுபோய்க் கொட்டினார்கள். இப்போது பஸ் பிடித்து வருகிறார்கள். இன்னொரு பக்கம் ரங்கநாதன் தெருவிலும் உஸ்மான் சாலையிலும் ஜவுளிக்கடைகளில் நாள் முழுக்க நிற்கும் பெண்கள். 2021-ல் சட்டத்தைத் திருத்திய பிறகுதான் உட்கார நாற்காலி கேட்பதே உரிமை என்றானது.

என் அம்மா மூன்று வீடுகளில் வேலை பார்த்தாள். ஒரு வீட்டில் பழைய மாத நாவல்களை அலமாரித் தட்டில் விரிக்கத் தருவார்கள். அந்தத் தாள்களைப் படித்துத்தான் நான் காதல் கதை கற்றேன். அந்த நாவல்களில் சாதிப் பெயரே வராது. ஆனால் கதாநாயகி வீட்டுச் சமையல், அவள் பெயர், அவள் கும்பிடும் சாமி எல்லாமே சொல்லிவிடும். அவள் வீட்டில் தவறாமல் ஒரு வேலைக்காரி இருப்பாள். 'இன்னாம்மா' என்று பேசுவாள். அவளுக்குப் புருஷன் குடிகாரன். அவள் கதாநாயகியின் குழந்தையைத் தன் குழந்தை மாதிரி வளர்ப்பாள். 'பெற்ற தாயைவிட ஒரு படி மேல்' என்று ஆசிரியர் உருகுவார். அவள் பெற்ற குழந்தையை அந்த நேரத்தில் யார் பார்த்துக்கொண்டார்கள் என்று ஒரு நாவலிலும் நான் படித்ததில்லை. எனக்கு விடை தெரியும், அந்தக் குழந்தை நான்தான். என்னைப் பார்த்துக்கொண்டது எங்க ஆயா, அதாவது அம்மாவைப் பெத்தவள். அவள் காலில் கயிறு கட்டித் தூளி ஆட்டிக்கொண்டே பூக்கட்டுவாள்.

ஆகவே தாய்மையைப் புனிதம் என்று யாராவது பேசினால் எனக்குச் சிரிப்பு வருகிறது. தாய்மை சிறை என்று படித்த பெண்ணியவாதிகள் பேசினால் அதையும் முழுசாக ஏற்க முடியவில்லை. நம் பெண்களுக்குத் தாய்மை சிறையாக இருந்ததைவிட, கிடைக்காத ஒன்றாகத்தான் அதிகம் இருந்தது. வரப்பு மரத்தில் தூளி கட்டிவிட்டு நடவுக்குப் போனவளுக்கு, பால் கட்டிய மாரோடு மாலைவரை குனிந்து நிற்பதுதான் தாய்மை. அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு இது நன்றாகத் தெரியும். டோனி மாரிசனின் 1987 நாவல் 'பிலவ்ட்'டில் சேத்தி, அடிமையாகத் திரும்பிப் போக வேண்டாம் என்று தன் மகளையே கொல்கிறாள். பெற்ற பிள்ளைமீது உரிமை இல்லாதவள் செய்த கொடூரமான அன்பு அது. ஆனால் நான் இங்கே சொல்ல வந்தது அது இல்லை. பதினெட்டு வருஷம் கழித்து அவள் வாசலில் பால் டி என்று ஒருவன் வந்து நிற்கிறான். அவனும் தழும்போடு வந்தவன்தான். மகளைக் கொன்ற அம்மாவுக்கு, நடுவயதில், ஒரு காதல் கிடைக்கிறது. மாரிசன் அவளைக் காசிக்கு அனுப்பவில்லை. இந்த உடம்பும் உன்னுடையதுதான் என்று அவளிடம் சொல்ல ஓர் ஆள் வருகிறான்.

நம் எழுத்தில் இப்படி ஓர் ஆள் வந்திருக்கிறானா?

நம் பெண்கள் எழுத வந்தபோது, இமையமும் பிறரும் எழுத வந்தபோது, அம்மாக்கள் மாறினார்கள். அது பெரிய காரியம். சிவகாமியின் 'பழையன கழிதலும்' 1989-ல் வந்தது. அதில் தங்கம் குழந்தையில்லாத விதவை. புருஷன் வீட்டார் நிலத்தில் பங்கு தர மறுக்கிறார்கள். ஏன்? பிள்ளை இல்லையே! தாய் ஆகாதவளுக்குச் சொத்தும் இல்லை. உடையார் அவளை மிரட்டி எடுத்துக்கொள்கிறான், உடையார் பொண்டாட்டியின் ஆட்கள் அவளையே அடிக்கிறார்கள். நியாயம் கேட்டு நம்ம தலைவர் காத்தமுத்து வீட்டுக்கு வருகிறாள். ஏற்கெனவே இரண்டு பெண்டாட்டிக்காரரான அவரும் அவளை மூன்றாவதாக வைத்துக்கொள்கிறார். அந்த நாவல் வந்தபோது நம்மை நாமே காட்டிக்கொடுக்கலாமா என்று கேட்டவர்கள் உண்டு. 1992-ல் 'ஆனந்தாயி'யில், பெரியண்ணன் கொண்டுவந்து மாடியில் வைக்கும் லட்சுமி ஓடிப்போகப் பார்க்கிறாள், பிடித்துவந்து அடிக்கிறான். 1994-ல் பாமாவின் 'சங்கதி' வந்தது. அதே வருஷம் இமையத்தின் 'கோவேறு கழுதைகள்' வந்தது. காலனிக்குத் துணி வெளுக்கும் ஆரோக்கியம், மகள் மேரிக்கு நடந்த கொடுமையை வெளியே சொல்லக்கூட வழியில்லாத தாய். நமக்குக் கீழேயும் நாம் ஒருத்தியை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று காட்டிய நாவல். 2013-ல் பெருமாள்முருகன் 'பூக்குழி'யில், சாதி மாறி வந்த மருமகள் சரோஜாவை வார்த்தையாலேயே குத்திக் கொல்லும் தாய் மாராயியை எழுதினார். தமயந்தி வயிற்றுக்குள் உட்கார்ந்திருந்த காவலாளி இங்கே மாமியாராக வாசலில் உட்கார்ந்திருக்கிறான்.

இவ்வளவும் உண்மை. ஆனால் கணக்குப் பார்த்தால் நம் கதைகளில் பெண்ணுக்கு நடப்பது நிறைய, பெண் விரும்புவது கொஞ்சம். அவளை எடுத்துக்கொள்கிறார்கள், அடிக்கிறார்கள், அவள் அழுகிறாள், உழைக்கிறாள், பிள்ளையைப் படிக்க வைக்கிறாள், செத்துப்போகிறாள். மகன் கவிதை எழுதுகிறான். 'அம்மா' என்று தலைப்பு வைக்கிறான். பாமா மட்டும்தான், புருஷன் செத்தால் மூலையில் உட்காராத நம் பெண்களைப் பற்றிப் பெருமையாகப் பேசினார். கூடவே, கோயிலில் தாலி கட்டிய கிறிஸ்தவப் பெண்ணுக்கு அந்த வழியும் அடைபட்டுப்போனதையும் சொன்னார்.

அந்த வழி நம்மிடம் இருந்தது தோழர்களே. 'அறுத்துக் கட்டுறது' என்று நம் ஆயாக்கள் சாதாரணமாகச் சொன்னார்கள். ஒத்துவரவில்லையா, பெரியவர்களை வைத்துத் தீர்த்துவிட்டு இன்னொருவரோடு வாழப் போனார்கள். அதைச் சொர்க்கம் என்று நான் சொல்லவில்லை. இரண்டாவது புருஷனும் அடித்தான், அங்கேயும் அவள்தான் சோறு போட்டாள். ஆனால் 40 வயதுப் பெண் ஆசைப்பட்டால் வானம் இடிந்து விழாது என்பது நம் தெருவுக்குத் தெரிந்திருந்தது. மேல்சாதி அதைத்தான் காட்டி நம்மை ஒழுக்கங்கெட்டவர்கள் என்றது. நாம் என்ன செய்தோம்? படித்தோம், உத்தியோகத்துக்குப் போனோம், வீடு கட்டினோம். முதல் வேலையாக நம் அம்மாக்களுக்கு வெள்ளைச் சேலை எடுத்துக் கொடுத்தோம். அவர்கள் கழற்றி எறிந்துகொண்டிருந்த விலங்கை நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்டுக்கொண்டோம்.

எங்கள் பகுதியில் ஓர் அக்கா. துப்புரவுப் பணியில் இருந்த கணவர் இறந்த பிறகு அந்த வேலைக்கே போனார். இரண்டு பிள்ளைகளையும் ஆளாக்கினார். 45 வயதில், கூட வேலை பார்க்கும் ஒருவரோடு சேர்ந்து வாழ விரும்பினார். அவரும் மனைவியை இழந்தவர். பெரிய மகன் நம் வாசகர் வட்டத்துக்கு வருகிறவன். அந்த 1916 கட்டுரையை எங்களோடு உட்கார்ந்து வரிவரியாகப் படித்தவன். உபரிப் பெண் என்றால் என்ன என்று மற்றவர்களுக்கு விளக்கியவன். வீட்டுக்குப் போய் அம்மாவிடம், "எனக்குப் பொண்ணு பாக்குற நேரத்துல உனக்கு என்னா இது, ஊரு என்னா பேசும்?" என்று கேட்டிருக்கிறான். அந்த அக்கா அழவில்லை. "நான் உனக்கு அம்மாதான்டா. அதுக்குன்னு அம்மாவா மட்டுமேவா பொறந்தேன்? உங்கப்பன் இருந்து நான் செத்திருந்தா, ஒரு வருசத்துல உனக்குச் சித்தி வந்திருப்பா, நீயும் அவ கையால தின்னிருப்ப" என்றாராம். இப்போது அடுத்த தெருவில் அறை எடுத்து அவரோடுதான் இருக்கிறார். மகன் பேசுவதில்லை. கூட்டத்துக்கு மட்டும் தவறாமல் வருகிறான்.

இவன் ஒருவனைக் குற்றம் சொல்லி என்ன பயன்? இயக்கமே இப்படித்தான் நடந்துகொண்டிருக்கிறது. அண்ணலின் வாழ்க்கையையே எடுத்துக்கொள்வோம். ரமாபாய் அம்மையாரை நாம் அன்னை என்று வணங்குகிறோம். ஐந்து பிள்ளைகளில் நாலைப் பறிகொடுத்து, வறுமையில் வீட்டைத் தாங்கி, 1935-ல் மறைந்தவர். வணங்கத்தான் வேண்டும். 1948 ஏப்ரல் 15 அன்று, 57 வயது முடிந்த மறுநாள், அண்ணல் டாக்டர் சாரதா கபீரை மணந்தார். சவிதா ஆனார் அவர். நோயில் இருந்த மனிதர், தன்னைக் கவனித்துக்கொள்ளவும் தன்னோடு பேசவும் ஒரு துணையைத் தேடினார். முதிர்ந்த வயதின் துணை. சவிதா பார்ப்பனப் பெண் என்பதால் சந்தேகப்பட்டார்கள். 1956-ல் அண்ணல் மறைந்ததும் அந்தச் சந்தேகம் பழியாகவே மாறியது. தன் ஆயுளை நீட்டித்தவர் என்று அவருக்கு நன்றி சொல்லி 'புத்தரும் அவர் தம்மமும்' நூலுக்கு அண்ணல் எழுதிய முன்னுரை முதல் பதிப்பில் இடம்பெறவே இல்லை. பல ஆண்டுகள் ஒதுங்கி வாழ்ந்த சவிதா, பின்னாளில்தான் இயக்க மேடைகளில் மீண்டும் தென்பட்டார். 2003-ல் இறந்தார். பார்ப்பனியத்தின்மீது சந்தேகம் வேண்டும், அதில் சமரசம் இல்லை. ஆனால் அகமணத்தை உடைப்பதே சாதி ஒழிப்பு என்று சொன்ன தலைவர் அகமணத்தை உடைத்தபோது, அவருடைய துணையை நாம் எப்படி நடத்தினோம்? தியாகத் தாயைப் பிடிக்கிறது, துணைவியைப் பிடிக்கவில்லை என்றால் சிக்கல் சவிதாவிடம் மட்டுமா இருக்கிறது?

இங்கேதான் எனக்குக் கோபம். அரிவாள் எடுக்கிறவனை நமக்கு அடையாளம் தெரிகிறது. சுவரொட்டி ஒட்டுகிறோம், மறியல் செய்கிறோம். ஆனால் அதே காவலாளி நம் வீட்டுக்குள் 'பாசம்' என்ற பெயரில் உட்கார்ந்திருந்தால் அவனுக்கு டீ போட்டுக் கொடுக்கிறோம். மேடையில் 'வீரத்தாய்' பட்டம் கொடுத்துச் சால்வை போர்த்துகிறோம். அந்தச் சால்வை எத்தனை அம்மாக்களின் வாயை மூடியிருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை.

சிறுபத்திரிகை நடத்துகிற தோழர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் மேசைக்கு வரும் கதைகளில் அம்மா இருமிச் சாகிற கதைகளை இனிக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். 50 வயதில் தலைக்குச் சாயம் போட்டுக்கொண்டு பஸ் ஸ்டாப்பில் ஒருவருக்காகக் காத்திருக்கிற நம் பெண்ணின் கதை வந்தால், அழகியல் குறை இருந்தாலும், முதல் பக்கத்தில் போடுங்கள். அவள் யாரோடு வாழ விரும்புகிறாள், யாருடைய பிள்ளையை வளர்க்க விரும்புகிறாள், வளர்க்கவே விரும்பவில்லையா என்பதை அவளே சொல்லட்டும். அந்த ஆள் எந்தச் சாதி என்று கேட்கும் முதல் வாசகனுக்கு நீங்கள் பதில் எழுதுங்கள்.

மாணவத் தோழர்களுக்கு ஒரு சின்ன வேலை. உங்களில் பலருக்கு அப்பா இல்லை, அல்லது இருந்தும் இல்லை. அம்மாவின் கூலியில் கல்லூரிக்கு வந்தவர்கள். அம்பேத்கரின் அந்தக் கட்டுரையை எடுத்துக்கொண்டு இந்த விடுமுறையில் ஊருக்குப் போங்கள். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியாத அம்மாவாக இருந்தால் நீங்களே வாசித்துக் காட்டுங்கள். உபரிப் பெண் என்ற இடம் வந்ததும் நிறுத்துங்கள். அதற்குமேல் அவள் பேசுவாள். நடுவில் குறுக்கிடாமல் கேளுங்கள்.